விற்காத பொருளும் உழைப்பின் கணக்கும்

வாழ்க்கைக்குப் பொருள் வேண்டும். பொருளுக்குத் தொழில் வேண்டும். தொழிலுக்கு நேர்மை வேண்டும். இவற்றை மறுப்பார் இலர். ஆயின், நேர்மையாகத் தொழில் செய்தும் பொருள் வாராதபோது ஒருவர் என்ன செய்யத்தக்கவர் என்னும் வினா எழும் இடத்தில்தான் அறத்தைப் பற்றிய பேச்சு உண்மையாகத் தொடங்குகிறது. சரக்குக் கைமாறும் காலத்தில் நேர்மையாய் இருத்தல் எளிது. அது தேங்கி நிற்கும் காலத்தில்தான் மனம் பல வழிகளைத் தேடுகிறது. அவற்றுள் எது தக்கது, எது தகாதது என்பதை நாம் ஆராய வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு இக்காலத்தில் பெருகியுள்ள ஒரு தொழிலையே எடுத்துக்கொள்வோம். வீட்டில் இருந்தபடியே கையால் பொருள் செய்து, இணையத்தின் வழியே விற்கும் தொழிலே அது. சுடுமண் தோடு, நூலால் பின்னிய குல்லாய், துணிப்பை, பாசிமணிக் கோவை, காகிதச் சுருளால் ஆன வாழ்த்து அட்டை, மணச்சவர்க்காரம் என இவ்வாறு செய்யப்படுவன பல. இவற்றைச் செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுவேலை முடிந்த பின் கிடைக்கும் நேரத்தில் செய்து, கைபேசியால் புகைப்படம் எடுத்து, விலை குறித்து இணையக் கடையில் ஏற்றுகின்றனர். வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டுவதில்லை. முதலும் பெரிதாக வேண்டுவதில்லை. உலகமே வாடிக்கையாளர் ஆகிவிடும் என்ற நம்பிக்கையோடு கடை திறக்கப்படுகிறது.

பிறகு நாட்கள் செல்கின்றன. முதல் போணி ஆகவில்லை. உறவினர் ஒருவர் வாங்குகிறார், தோழி ஒருத்தி வாங்குகிறாள், அத்தோடு நின்றுவிடுகிறது. பொருளைப் பார்த்தோர் எண்ணிக்கையைக் கடை காட்டுகிறது; வாங்கினோர் எண்ணிக்கை சுழியமாக நிற்கிறது. அப்போது அவர் மனத்தில் மூன்று எண்ணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. ‘என் பொருள் நன்றாக இல்லை’ என்பது முதலாவது. ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்பது இரண்டாவது. ‘விலையைக் குறைத்தால் விற்கும்’ என்பது மூன்றாவது. முதல் எண்ணம் ஆராயத்தக்கது, இரண்டாவது தள்ளத்தக்கது, மூன்றாவதோ பார்வைக்கு எளிய வணிக உபாயமாகத் தோன்றினும், உள்ளே ஒரு பெரிய அறக்கேள்வியைக் கொண்டுள்ளது. நாம் இங்கே முக்கியமாக ஆராயப் புகுவது அம்மூன்றாவதையே ஆகும்.

முதலில் ஓர் உண்மையைத் தெளிவாக ஒப்புக்கொள்வோம். நம் பொருளை வாங்க வேண்டிய கடமை எவர்க்கும் இல்லை. உழைத்துச் செய்தோம் என்பதனாலேயே உலகம் வாங்கித் தீர வேண்டும் என்று எண்ணுவது பேதைமை. வாங்குவோர் தம் தேவையையும் தம் பையில் உள்ள பணத்தையும் எண்ணியே வாங்குவர். ஆதலால் ஒரு பொருள் விற்காதபோது, வாங்காதவர் மீது சினம் கொள்ளுதல் முறையாகாது.

ஆனால் அவர் வாங்காமையைக் கொண்டு பொருளின் தகுதியை அளந்துவிடலாமோ எனின், அதுவும் முறையாகாது. ஆதம் ஸ்மித் என்னும் பொருளியல் அறிஞர் 1776ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், தண்ணீரையும் வைரத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார். தண்ணீரைப் போலப் பயன்படுவது வேறொன்றில்லை. ஆயினும் அதைக் கொடுத்து எதையும் பெற முடிவதில்லை. வைரத்தால் ஆகும் பயன் சிறிது. ஆயினும் அதற்குக் கிடைக்கும் விலை பெரிது. சந்தை கூறும் விலை ஒன்று. வாழ்க்கையில் பொருளுக்குள்ள தகுதி மற்றொன்று. இரண்டும் சில வேளை ஒத்து வரும். சில வேளை ஒவ்வாது போகும். பொருளுக்கே இந்நிலை என்றால், அதைச் செய்தவரின் தகுதியை விற்பனையைக் கொண்டு அளப்பது எவ்வளவு பிழை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அப்படியாயின் விற்காமை நமக்கு எதைத்தான் தெரிவிக்கிறது? பொருளும் அதற்குரிய வாடிக்கையாளரும் இன்னும் சந்திக்கவில்லை, அல்லது சந்தித்தும் நம்பிக்கை பிறக்கவில்லை என்பதையே பெரும்பாலும் தெரிவிக்கிறது. பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் சென்னபட்டணம் என்னும் ஊர் உள்ளது. கடைசல் பட்டறையில் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிய மரப் பொம்மைகளுக்கு அவ்வூர் பேர்போனது. அங்கே கடைக்குச் செல்வோர் பொம்மையைக் கையில் எடுக்கிறார்; உருட்டிப் பார்க்கிறார்; விளிம்பைத் தடவி வழவழப்பை அறிகிறார்; செய்தவரையே பார்த்து ஒரு சொல் கேட்கவும் செய்கிறார். கை தொட்டவுடன் பாதி ஐயம் தீர்ந்துவிடுகிறது. இணையக் கடையிலோ தொடுதல் இல்லை, முகர்தல் இல்லை, முகம் பார்த்துப் பேசுதலும் இல்லை. இருப்பவை ஒரு படமும் சில சொற்களுமே. தொடுதல் செய்யும் வேலையை அப்படமும் சொற்களும் செய்தாக வேண்டும்.

ஆகவே, விலையில் கை வைக்குமுன் ஆராய வேண்டுவன சில உண்டு. படம் பகல் வெளிச்சத்தில் எடுக்கப்பட்டதா? பொருளின் அளவு விளங்கும்படி ஒரு கையோ ஒரு புத்தகமோ அருகில் வைத்துக் காட்டப்பட்டதா? நீளம், அகலம், எடை, துவைக்கும் முறை ஆகியன சொல்லப்பட்டனவா? வாங்குவோர் தேடும்போது எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவாரோ அச்சொல் பொருளின் பெயரில் உள்ளதா? ‘வானவில் கனவு’ என்று பெயரிட்டால் செய்தவர்க்கு இனிமையாய் இருக்கலாம். ஆனால் ஆறு மாதக் குழந்தைக்குப் பருத்தி நூல் குல்லாய் தேடும் தாய் அப்பெயரைத் தட்டமாட்டாள். இவை சிறு செய்திகளே. ஆயினும் இவற்றைச் சரிசெய்யாமல் ‘என் கலை உலகுக்குப் புரியவில்லை’ என வருந்துவது, கடைக் கதவைத் திறவாமல் வாடிக்கையாளர் வரவில்லை என வருந்துவதை ஒக்கும்.

இத்தனையும் செய்து பார்த்த பின்னும் பொருள் விற்கவில்லை என்று கொள்வோம். இப்போது விலைக்குறைப்பு என்னும் எண்ணம் முன்னே வந்து நிற்கிறது. அதை உணர்ச்சியால் அன்றி எண்களால் ஆராய்வோம்.

குரோஷா ஊசியால் பின்னிய குழந்தைக் குல்லாய் ஒன்று. விலை 350 ரூபாய் என்று குறிக்கப்பட்டுள்ளது. அஞ்சல் செலவை வாங்குவோரே தனியே தருகிறார் என்று கொள்வோம். நூலுக்கும் பொத்தானுக்கும் 90 ரூபாய். அட்டைப் பெட்டிக்கும் உறைக்கும் 20 ரூபாய். இணையச் சந்தையின் தரகும் பணம் பெறும் கட்டணமும் சேர்ந்து 40 ரூபாய். ஆகச் செலவு 150 ரூபாய். மீதி 200 ரூபாய். பின்னுவதற்கு 4 மணி நேரம் ஆயிற்று. படம் எடுத்தல், விவரம் எழுதுதல், கேட்டவர்க்கு மறுமொழி தருதல், பொட்டலம் கட்டி அஞ்சலகம் சென்று வருதல் ஆகியவற்றுக்கு 1 மணி நேரம். ஐந்து மணி நேரத்திற்கு 200 ரூபாய் எனில், ஒரு மணிக்கு 40 ரூபாய் கூலி.

விற்கவில்லை என்பதனால் விலை 250 ரூபாய் ஆக்கப்படுகிறது. நூலும் பெட்டியும் முன்போல 110 ரூபாய்; தரகு 30 ரூபாய். மீதி 110 ரூபாய். ஒரு மணிக்கு 22 ரூபாய். அப்போதும் விற்கவில்லை, விலை 180 ரூபாய் ஆகிறது. தரகு 20 ரூபாய் போக மீதி 50 ரூபாய். இப்போது ஒரு மணி நேர உழைப்பின் கூலி 10 ரூபாய்.

இக்கணக்கை ஊன்றிப் பாருங்கள். விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. கூலியோ நான்கில் ஒன்றாயிற்று. ஏன்? நூல் விற்றவர் தம் விலையைக் குறைக்கவில்லை. பெட்டி விற்றவர் குறைக்கவில்லை. சந்தையும் தன் விகிதத்தைக் குறைக்கவில்லை. குறைத்த ரூபாய் ஏறக்குறைய முழுதும் செய்தவரின் கையின்மேலேயே விழுந்தது. விலைக்குறைப்பு என்று நாம் பெயரிட்டு அழைப்பது, கைவேலையைப் பொறுத்தமட்டில், கூலிக்குறைப்பே ஆகும்.

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. உழவனின் துயரத்தைச் சொல்ல எழுந்த மொழி அது. ஆனால் நாளடைவில் அது ‘கணக்குப் பாராதே’ என்னும் அறிவுரையாக மாறிப்போயிற்று. கணக்குப் பார்த்தால் மனம் உடைந்துவிடும். ஆகவே பாராமல் உழுதுகொண்டே இரு என்பது அதன் பொருளாகக் கொள்ளப்பட்டது. இவ்வறிவுரையால் நன்மை அடைந்தவர் யார் என்று கேட்டால், உழுதவன் அல்லன் என்பது தெளிவு. உழைப்பவன் கணக்குப் பாராதிருக்கும் வரை, அவன் உழைப்பைக் குறைந்த விலைக்குப் பெறுவோர்க்குக் கவலை இல்லை.

புத்தர் பிரான் இதற்கு நேர்மாறாகக் கூறினார். அங்குத்தர நிகாயத்தின் மூன்றின் தொகுதியில், கடைக்காரனை உவமையாகக் கொண்டு பிக்குகளுக்கு அவர் உரைத்த அறவுரை ஒன்று உள்ளது. மூன்று இயல்புகள் உள்ள கடைக்காரன் விரைவில் செல்வத்தில் வளர்வான் என்கிறார். கண்ணுடைமை ஒன்று, திறமை ஒன்று, சார்புடைமை ஒன்று. கண்ணுடைமை என்பதற்கு அவர் தரும் விளக்கம் நம் கவனத்திற்குரியது. இப்பொருள் இவ்வளவுக்கு வாங்கப்பட்டது, இவ்வளவுக்கு விற்கப்படுகிறது, இதனால் முதல் இவ்வளவு திரும்பும், ஊதியம் இவ்வளவு கிடைக்கும் என்று அறிவதே கடைக்காரனின் கண்ணாம். உவமை துறவியர்க்காகச் சொல்லப்பட்டதே எனினும், உவமைக்கு எடுத்துக்கொண்ட உலகியலை அவர் எத்துணை நுட்பமாகக் கண்டிருந்தார் என்பது இதனால் விளங்கும். கணக்கு அறியாதவன் குருடன் என்பது இதன் கருத்து. கணக்கைப் பேராசையின் அடையாளம் என்று அவர் கூறவில்லை. உள்ளதை உள்ளவாறு காணும் கண் என்றே கொண்டார்.

நம் கைவினையாளரில் பலர்க்கு இக்கண்ணில் ஒரு பாதியே திறந்துள்ளது. நூலின் விலையை எழுதுகின்றனர். பெட்டியின் விலையை எழுதுகின்றனர். தம் மணி நேரத்தை எழுதுவதில்லை. நகைக் கடைக்குச் சென்றால் சீட்டில் செய்கூலி என்று ஒரு வரி தனியே இருக்கிறது. சேதாரம் என்று மற்றொரு வரியும் இருக்கிறது. எவரும் அதனைக் கண்டு வியப்பதில்லை. பொன்னில் வேலை செய்தால் செய்கூலி உண்டு. நூலிலும் மண்ணிலும் வேலை செய்தால் செய்கூலி இல்லை என்பது என்ன நியாயம்? பிறர்க்குத் தரும் சீட்டில் எழுதாவிடினும், தம் கணக்குப் புத்தகத்திலேனும் செய்கூலி என்னும் அவ்வரியை எழுதுவது ஒவ்வொரு கைவினையாளரின் கடமையாகும். அது அவர் தமக்குத் தாமே காட்டும் வாய்மை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில்தானே செய்கிறேன்? அந்நேரத்திற்கு விலை ஏது? 50 ரூபாய் கிடைத்தாலும் இலாபமே’ என்று சிலர் கூறுவர். இம்மறுப்பை நாம் எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. வெளியே சென்று வேலை செய்ய இயலாமல் குழந்தையையோ முதியவரையோ பேணிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு வேறு வருவாய்க்கு வழியில்லை. அவர் அந்த 50 ரூபாயை ஏற்றால் அவரைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. ஆயினும் அந்நிலைக்கு ‘சும்மா இருக்கும் நேரம்’ என்று பெயரிடுவதை நாம் ஏற்கமாட்டோம்.

நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு, கூலியின்றிப் பிறரிடம் வேலை வாங்குவதையும் கட்டாய வேலையையும் தடைசெய்கிறது. 1982ஆம் ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலைகள் பற்றிய வழக்கில், உச்சநீதிமன்றம் அப்பிரிவுக்கு ஒரு விரிந்த விளக்கம் தந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக ஒருவர் வேலை செய்ய நேர்ந்தால் அதுவும் கட்டாய வேலையே. சாட்டையும் தடியும் இல்லாவிடினும், பசியும் வறுமையும் வேறு வழியின்மையும் செலுத்தும் கட்டாயமும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் கருத்து. தம் கடையில் தாமே வேலை செய்பவரைப் பற்றியது அன்று அவ்வழக்கு. எனினும் அதிலிருந்து நாம் பெறத்தக்க படிப்பினை உண்டு. வேறு வழியில்லாமையால் ஏற்ற கூலியை நியாயமான கூலி என்று அழைக்கலாகாது. பிறர் நம்மிடம் வெட்டிவேலை வாங்கினால் சட்டத்தின் கதவைத் தட்டலாம். நம் கையிடம் நாமே வெட்டிவேலை வாங்கினால் எந்த நீதிமன்றத்திற்குச் செல்வது?

வெட்டிவேலை என்பது இந்நாட்டில் பலருடைய பாட்டனும் பூட்டனும் அறிந்த சொல். தோலைத் தொட்டவன், மண்ணைப் பிசைந்தவன், பிரம்பைப் பின்னியவன் ஆகியோரின் பொருள்களை விரும்பிப் பயன்படுத்திக்கொண்டே, அவர் கையை மட்டும் தாழ்ந்த கை என்று கூறிய சமுதாயம் இது. சாதி என்பது வேலைகளைப் பிரித்ததோடு நில்லாமல் வேலை செய்வோரையே பிரித்தது என அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். கைவேலை மலிவாய் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்பிரிவினையோடு உடன்வளர்ந்தது. அரங்கில் அமர்ந்து பேசுவோரின் ஒரு மணி நேரத்திற்கு விலை கேட்டால் நாம் வியப்பதில்லை. பாய் முடைவோர் தம் ஒரு மணி நேரத்திற்கு விலை சொன்னால் ‘இதற்கா இவ்வளவு?’ என்கிறோம். அக்கேள்வியைப் பிறர் கேட்குமுன் தாமே தம்மிடம் கேட்டுக்கொண்டு விலையைக் குறைக்கும் கைவினையாளர், பழைய இழிவை அறியாமலே தம் மனத்துள் குடிவைக்கிறார். இதைப் பணிவு என்று கருதுவது பெரும் மயக்கம்.

மேலும், ஒருவரின் விலைக்குறைப்பு அவரோடு நிற்பதில்லை. கணவர் வருவாயில் வாழ்ந்து, பொழுதுபோக்காகப் பின்னும் ஒருவர் 180 ரூபாய்க்குக் குல்லாய் விற்றால் அவர் குடும்பத்திற்கு இழப்பொன்றும் இல்லை. ஆனால் அதே தெருவில், அவ்வருவாயைக் கொண்டே பிள்ளையின் பள்ளிக் கட்டணம் செலுத்தும் மற்றொருவரின் 350 ரூபாய்க் குல்லாய் கொள்ளை விலையாகத் தோன்றும். வாங்குவோர் உள்ளத்தில் ‘குல்லாய் என்றால் 180 ரூபாய்’ என்று பதிந்துவிடும். ஆகவே பொழுதுபோக்காகச் செய்வோரும் செய்கூலியைக் கணக்கிட்டே விலை குறிக்க வேண்டும். அன்பால் தர விரும்பினால் இலவசமாகவே தரலாம். நன்கொடை எவர் பிழைப்பையும் கெடாது. விற்பனை என்று வந்தபின், அவ்விலை உடன்தொழில் செய்வோரின் அடுப்பையும் தொடும் என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

விலைக்குறைப்புக்கு அடுத்து வரும் சோதனை பொய். சரக்குத் தேங்கினால் நண்பரைக் கொண்டு, வாங்காத பொருளை வாங்கியதாகப் புகழுரை எழுதச் செய்வது ஒன்று. மொத்தக் கடையில் இயந்திரப் பொருளை வாங்கி, ஒரு நாடாவைக் கட்டிக் கைவினை என்று விற்பது மற்றொன்று. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பவரே வாங்கியவர் போல நடித்து மதிப்புரை எழுதுவதைத் தடைசெய்கின்றன. 2022ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனமும் இணைய மதிப்புரைகளுக்கென ஒரு தரவரைவை வெளியிட்டது. சட்டத்திற்கு அஞ்சி இதை விடுவதைவிட, காரணம் அறிந்து விடுவதே சிறப்பு. தொட்டுப் பார்க்க இயலாத கடையில் சொல்லே பொருளின் மேனி. சொல்லில் பொய் கலந்தால் பொருளிலேயே கலப்படம் செய்ததாகும். அது மெய்யாகவே கையால் செய்து விற்கும் ஆயிரம் பேரின் சொல்லையும் ஐயத்துக்கு உரியதாக்கிவிடும்.

தனிமனிதர் மட்டுமன்றிச் சந்தைகளும் இச்சோதனைக்கு உட்பட்டன. அமெரிக்காவில் புரூக்ளின் நகர்ப்பகுதியில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய எட்சி என்னும் இணையச் சந்தை, கைவினைப் பொருளுக்கென்றே பேர்பெற்றது. 2013ஆம் ஆண்டு அது தன் விதியை மாற்றி, விற்பவர் வடிவமைத்த பொருளை வெளியே ஓர் உற்பத்திச் சாலையில் செய்விக்கவும் இடம் தந்தது. பல கைவினையாளர் அதனால் மனம் வருந்தினர். அச்சந்தை விற்பனையில் எடுக்கும் பங்கு முன்பு நூற்றுக்கு 3.5 ஆக இருந்தது. 2018இல் 5 ஆயிற்று. 2022 ஏப்ரலில் 6.5 ஆயிற்று. இக்கடைசி உயர்வை எதிர்த்து ஆயிரக்கணக்கான விற்பனையாளர் ஒரு வார காலம் தம் கடைகளை மூடி வைத்தனர். ஜெர்மனியில் 2006இல் தொடங்கிய தவாண்டா என்னும் கைவினைச் சந்தையோ 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. அதை நம்பியிருந்தோர் தம் கடையை வேறிடத்துக்குப் பெயர்க்க நேர்ந்தது. பிறர் நிலத்தில் பந்தல் போட்டவர்க்கு நிலக்காரன் சொல்வதே வாடகை என்பதை இவை காட்டுகின்றன. ஆதலால் வாடிக்கையாளரின் நம்பிக்கையை ஒரு சந்தையின் பெயரில் மட்டும் வைக்காமல், தம் பெயரிலும் தம் ஊரிலும் வளர்ப்பது அறிவுடைமை.

இவ்விடத்தில் கடைக்காரனின் மூன்றாம் இயல்பு நினைவுக்கு வருகிறது. சார்புடைமை என்பதற்குப் புத்தர் பிரான் தந்த விளக்கம் இது: கடைக்காரனின் கண்ணையும் திறமையையும் அறிந்த இல்லறத்தார், அவனை நம்பித் தம் பொருளை முதலாகக் கொடுத்து, குடும்பத்தைக் காத்துக்கொண்டு அவ்வப்போது திருப்பித் தருமாறு கூறுவர் என்பதாம். ஆக, தனித்து நிற்பவர் எத்துணைத் திறமை உடையவராயினும் அவர் வளர்ச்சிக்கு ஒரு சூழல் வேண்டும். இன்று அச்சூழலை நாமே உண்டாக்கலாம். ஒரு தெருவில் பின்னல் வேலை செய்யும் ஐவர் சேர்ந்து நூலை மொத்தமாக வாங்கலாம். படம் எடுக்கத் தெரிந்தவர் ஐவருக்கும் எடுக்கலாம். எழுதத் தெரிந்தவர் ஐவருக்கும் எழுதலாம். எல்லாவற்றிலும் முக்கியமாக, இவ்வளவுக்குக் கீழே கூலியைத் தாழ்த்துவதில்லை என்று ஐவரும் உடன்படலாம். ஒருவர் தனியே விலையைக் காக்க முயன்றால் பட்டினி. ஐவர் சேர்ந்து காத்தால் அது ஊர் வழக்கமாகிவிடும்.

இனி மிகக் கடினமான மறுப்பு ஒன்று உள்ளது. ‘நியாயமான கூலியைச் சேர்த்தால் விலை ஏறும், ஏறிய விலையில் செல்வர் மட்டுமே வாங்குவர், அப்படியானால் கைவினை செல்வரின் அலங்காரமாக முடியாதோ?’ என்பது அது. இதற்கு வரலாற்றில் சான்றும் உண்டு. இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்னும் அறிஞர் 1861ஆம் ஆண்டு கூட்டாளிகளோடு கைவினைப் பொருள் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அழகிய பொருள் எல்லா மக்களின் வீட்டிலும் இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் நேர்மையாகவும் நிதானமாகவும் செய்த அப்பொருள்களைப் பெரும்பாலும் செல்வரே வாங்க முடிந்தது. அம்முரண்பாடு அவரை வாழ்நாள் முழுதும் வருத்தியது.

இம்மறுப்புக்கு முழு விடை நம்மிடம் உண்டு என்று நாம் கூறமாட்டோம். ஆயினும் ஒன்று கூறலாம். இயந்திரம் ஒரு நிமிடத்தில் செய்யும் பொருளைக் கையால் நான்கு மணி நேரத்தில் செய்து, இயந்திரத்தின் விலைக்கே விற்க முயல்வது யாருக்கும் நன்மை தராது. இயந்திரம் தர இயலாததை எது தருமோ அதையே கை செய்ய வேண்டும். கேட்டவரின் அளவுக்கு ஏற்பச் செய்தல், கிழிந்ததைச் செப்பனிட்டுத் தருதல், பாட்டியின் புடவையைப் பேத்திக்குப் போர்வையாக்குதல் ஆகியன அத்தகையன. அவ்வாறு மாற்றிப் பார்த்தும், கூலி கட்டும்படியான விலைக்கு ஒரு பொருள் விற்கவே இல்லையென்றால், அப்பொருளை விற்பனைக்குச் செய்வதை நிறுத்திவிடுவதும் நேர்மையான முடிவே. விரும்பினால் தம் குழந்தைக்குச் செய்யலாம்; நண்பர்க்கு அளிக்கலாம்; பிறர்க்குக் கற்றுக்கொடுக்கலாம். கடையை மூடுவது கையைத் துறப்பது ஆகாது. கணக்கைப் பார்த்து மூடிய கடையில் அவமானம் ஏதும் இல்லை; கணக்கைப் பாராமல் திறந்து வைத்திருக்கும் கடையில்தான் உழைப்பு ஓசையின்றிக் கரைகிறது.

வாங்குவோராகிய நமக்கும் ஒரு சொல் உண்டு. பெரிய அங்காடியில் அச்சிட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு, கையால் செய்தவரிடம் மட்டும் ‘கடைசி விலை என்ன?’ என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியுள்ளது. வாங்க இயலாவிட்டால் வாங்காதிருப்போம்; அதில் குற்றம் இல்லை. ஆனால் வாங்கும்போது, நாம் குறைக்கும் 50 ரூபாய் நூலிலிருந்தா குறையும், பெட்டியிலிருந்தா குறையும், எவருடைய மணி நேரத்திலிருந்து குறையும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

அன்பர்களே! பொருள் விற்பதும் விற்காததும் பல காரணங்களால் ஆவன. அவற்றுள் சில நம் கையில் உள்ளன, பல இல்லை. நம் கையில் முழுதும் உள்ளவை மூன்று: பொருளைப் பற்றி உண்மை சொல்லுதல், உடன் உழைப்போரின் கூலியைக் கெடுக்காதிருத்தல், தம் உழைப்பைத் தாமே மறவாது எழுதிவைத்தல். விலையைக் குறைத்தே தீர வேண்டிய நாளும் சிலர்க்கு வரலாம். அந்நாளில் அவர் குறைக்கட்டும். ஆனால் எவ்வளவு குறைக்கிறோம், எதிலிருந்து குறைக்கிறோம் என்பதை அறிந்து குறைக்கட்டும். கைவினையாளர் ஒவ்வொருவரும் இன்று மாலையே ஒரு சிறு புத்தகம் எடுத்து, நூலுக்கும் பெட்டிக்கும் அஞ்சலுக்கும் கீழே செய்கூலி என்று ஒரு வரி எழுதுவாராக. அவ்வரியில் எந்த எண் வருகிறதோ அதை அஞ்சாமல் நோக்குவாராக.